மோட்டார் வண்டிச் சக்கரத்தின் சாய்வு: தோற்றமும் பிடிப்பும்

மோட்டார் காரொன்றின் எதிரே நின்று நோக்குவார்க்கு அதன் முன் சக்கரங்கள் தரைக்குச் செங்குத்தாக நிற்பனபோலத் தோன்றும். ஆயினும், தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தால் அவை மிகச் சிறிதளவு சாய்ந்திருப்பது புலனாகும். இச்சாய்வே பட்டறைகளில் 'கேம்பர்' எனப்படுகிறது. சக்கரத்தின் மேல் விளிம்பு வண்டியின் உட்புறம் நோக்கிச் சாய்ந்திருப்பின் அதனை உட்சாய்வு என்றும், வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்திருப்பின் வெளிச்சாய்வு என்றும் இக்கட்டுரையில் குறிப்போம். வீல் அலைன்மென்ட் நிலையங்கள் தரும் சீட்டில் முன்னது கழித்தல் குறியுடனும், பின்னது கூட்டல் குறியுடனும் அச்சாகியிருக்கும். இன்று ஆலையிலிருந்து வெளிவரும் சாதாரணக் கார்களில் இச்சாய்வு பெரும்பாலும் ஒரு பாகையை ஒட்டியே அமைகிறது.

இவ்வாறிருக்க, கேரளத்திலும் தமிழகத்திலும் ஆங்காங்கே வேறொரு வகைக் கார்களைச் சாலையில் காண்கிறோம். வண்டியின் உடல் தரையை ஒட்டித் தாழ்ந்திருக்கும். நான்கு சக்கரங்களும், சுமை தாங்காமல் கால் அகன்ற கன்றுக்குட்டியைப்போல, அடியில் விரிந்தும் தலையில் குவிந்தும் நிற்கும். பத்துப் பாகை, சிலவற்றில் அதனினும் மிகுதியான உட்சாய்வு இவற்றிற்கு வலிந்து ஊட்டப்பட்டிருக்கும். ஜப்பானில் இக்கோலத்திற்கு 'ஓனிகியான்' என்று பெயர். 'ஓனி' என்பது அந்நாட்டுக் கதைகளில் வரும் அரக்கனைக் குறிக்கும் சொல். அரக்கச் சாய்வு என்று பொருள் கொள்ளலாம். பந்தயக் கார்களின் சக்கரங்களும் உட்சாய்வு உடையனவே என்று இதற்கு நியாயம் கூறப்படுவதுண்டு.

நெய்யாற்றின்கரை வட்டத்தில் ஆரியங்கோடு, பாறசாலை முதலிய எல்லையோர ஊர்களில் பணிபுரியும் ஆசிரியரிடம் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வாறு வினவக்கூடும்: "சிறிது சாய்த்தால் வளைவில் பிடிப்பு கூடும் என்கிறார்களே, அப்படியானால் மிகுதியாகச் சாய்த்தால் மிகுதியாகக் கூட வேண்டுமன்றோ?" வினா நியாயமானது. அதற்கு விடை காண உயர் கணிதம் வேண்டியதில்லை. பள்ளியில் கற்பிக்கும் கோண அளவும் உராய்வு விதியும் போதும்.

சாய்வு எதற்காக ஏற்பட்டது

சக்கரத்தைச் சாய்த்து அமைக்கும் வழக்கம் மோட்டாருக்கும் முற்பட்டது. ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் சக்கரம் தட்டுப்போலக் குழிந்திருக்கும். தரையைத் தொடும் ஆரக்கால் செங்குத்தாக நிற்கும்பொருட்டு அச்சின் முனையைச் சற்றே கீழ்நோக்கி வளைத்திருப்பர். தொடக்க கால மோட்டார் வண்டிகளும் இவ்வெளிச்சாய்வையே பெற்றன. அக்காலச் சாலைகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் இருமருங்கிலும் மிகவும் சரிந்தும் இருந்தமையால், வெளிச்சாய்வுடைய சக்கரம் அச்சரிவிற்குச் செங்குத்தாக நின்றது. வட்டார வளர்ச்சிப் பணிக்கு நெடுங்காலம் உழைத்த பழைய ஜீப்பின் முன் அச்சில் ஒன்றரைப் பாகை வெளிச்சாய்வு ஆலையிலேயே அமைந்திருந்தது. சுமையேறும்போது அச்சும் பொறுத்துகளும் சற்று இளகிச் சக்கரம் நிமிர்ந்து நிற்கட்டும் என்பது அதன் கருத்து.

இன்றைய தார்ச்சாலையின் குறுக்குச் சரிவு 100 அடிக்கு 2 அல்லது 2½ அடியே. கோணத்தில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரைப் பாகைக்கு உட்பட்டது. ஆகவே பழைய காரணம் மறைந்தது. வேகம் என்னும் புதிய காரணம் தோன்றியது. வண்டி வலப்புறம் விரைந்து திரும்பும்போது அதன் உடல் இடப்புறம் சாய்கிறது. சக்கரங்களும் உடலோடு சேர்ந்து சாய்கின்றன. சுமையின் பெரும்பகுதி அப்போது இடப்புறச் சக்கரங்களின்மேல் ஏறியிருக்கும். அச்சக்கரத்தின் தலையோ வெளிப்புறம் சாய்ந்து, டயரின் வெளித்தோள் மட்டுமே தரையை அழுத்தும். பிடிப்பு மிகவும் வேண்டப்படும் வேளையில் தொடுபரப்பு குறைகிறது. இதனை முன்னறிந்து, நேர் ஓட்டத்தில் சக்கரத்திற்குச் சிறிது உட்சாய்வு கொடுத்துவைத்தால், வளைவில் உடல் சாயும்போது சக்கரம் நிமிர்ந்து தன் முழு முகத்தாலும் தரையைப் பற்றும்.

இங்கே கருத்தில் கொள்ள வேண்டுவது ஒன்றே. உட்சாய்வின் நோக்கம் சக்கரம் சாய்ந்து நிற்பதன்று. திரும்பும்போது அது நேராக நிற்பதே. உடல் மூன்று பாகை சாயும் வண்டிக்கு மூன்று பாகையை ஒட்டிய ஈடு போதும். பத்துப் பாகை சாய்த்த சக்கரம் நேர்ச் சாலையிலும் நிமிராது, கடும் வளைவிலும் நிமிராது. அது நிமிர வேண்டுமாயின் வண்டியின் உடல் பத்துப் பாகை சாய வேண்டும். தாழ்த்தி இறுக்கிய வண்டியில் அவ்வளவு சாய்வுக்கு இடமே இல்லை.

பந்தயத்துறையினரும் இவ்வெல்லையை அறிவர். 2011 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில் நடந்த பார்முலா ஒன் போட்டிக்கு டயர் வழங்கிய பைரெல்லி நிறுவனம், முன் சக்கரங்களின் உட்சாய்வு 4 பாகையை மிஞ்ச வேண்டாமென அறிவுறுத்தியிருந்தது. ரெட்புல் அணி அதனைச் சற்றே மிஞ்சியது. தகுதிச் சுற்று முடிந்தபோது முன் டயர்களின் உள்தோளில் கொப்புளங்கள் எழுந்திருந்தன. அவ்வணியின் செபாஸ்டியன் வெட்டலே போட்டியில் வென்றார் என்பது உண்மை; எனினும் டயர் தாங்குமோ தாங்காதோ என்ற அச்சத்துடனேயே அணியினர் போட்டியை எதிர்கொண்டனர். உலகின் மிகத் தேர்ந்த பொறியியலாளர்கள், ஒரே நாள் ஓட்டத்திற்காக, மழமழப்பான தளத்தில் 4 பாகைக்கு மேல் தயங்கியிருக்க, குழியும் கல்லும் நிறைந்த ஊர்ச்சாலையில் நாள்தோறும் 10 பாகை என்பது எவ்வளவு துணிச்சல் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பலகை முகமும் பந்து முகமும்

மோட்டார் சைக்கிள் வளைவில் முப்பது, நாற்பது பாகை சாய்ந்தும் விழாமல் செல்கிறதே என்று சிலர் கேட்பர். சக்கர நாற்காலியில் அமர்ந்து டென்னிஸும் கூடைப்பந்தும் ஆடும் வீரர்களின் நாற்காலிச் சக்கரங்கள் பதினைந்து முதல் இருபது பாகைவரை உட்சாய்வு கொண்டவை. அதனால் அவை எளிதில் கவிழாமலும் சட்டெனத் திரும்பக் கூடியனவாகவும் இருக்கின்றன. அங்கே நன்மையான சாய்வு இங்கே ஏன் தீமையாகிறது?

டயரின் குறுக்குவெட்டு வடிவமே இதற்கு விடை. மோட்டார் சைக்கிள் டயரின் முகம் பந்தைப்போல் உருண்டது. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஏறக்குறைய அதே அளவு பரப்பு தரையைத் தொடும். நாற்காலியின் மெல்லிய டயரும் அத்தகையதே. கார் டயரின் முகமோ பலகை போன்றது. பலகையைச் சாய்த்தால் விளிம்பு மட்டுமே தரையில் நிற்கும். வகுப்பறையில் இதனைக் காட்ட ஒரு செவ்வக ரப்பர் அழிப்பானும், ஒரு சிறு ரப்பர்ப் பந்தும், மைத்திண்டும் போதும். இரண்டையும் மையில் தோய்த்துத் தாளின்மேல் நேராகவும், பின்னர்ச் சாய்த்தும் அழுத்துக. பந்தின் தடம் மாறாது; அழிப்பானின் தடம் ஒரு கோடாகச் சுருங்கும்.

எண்களாலும் இதனைக் காண்போம். 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் உற்பத்தியான மாருதி 800, மாற்றம் செய்ய விரும்புவோர் மிகவும் நாடும் வண்டிகளுள் ஒன்று. அதில் வழங்கிய டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். தரையில் படியும் முகத்தின் அகலம் ஏறக்குறைய 110 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். ஒரு பாகை சாய்வில் அம்முகத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிட 2 மில்லிமீட்டர் உயரும். ரப்பரின் நெகிழ்ச்சி அதனை எளிதில் ஈடுசெய்துவிடும். பத்துப் பாகையில் அவ்வுயரம் 19 மில்லிமீட்டர். சுமையால் டயர் அமுங்கும் மொத்த அளவே ஏறக்குறைய இவ்வளவுதான். எனவே வெளிவிளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்க, சுமை முழுவதும் உள்தோளின்மேல் இறங்குகிறது.

நால்வர் அமர்ந்த அக்காரின் நிறையை 900 கிலோகிராம் எனக் கொண்டால் ஒரு சக்கரத்திற்கு 225 கிலோகிராம் வீதம் வரும். டயரினுள் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 112 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கையின் அளவு. நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பிலேயே ஒரு குடும்பம் சாலையில் செல்கிறது என்பதை மாணவர்க்கு உணர்த்திவிட்டால், மேலே சொல்லப்போவது அனைத்தும் எளிதில் விளங்கும்.

உராய்வு பற்றிய ஓர் ஐயம்

நுண்ணறிவுடைய மாணவன் இங்கே மறுப்புக் கூறலாம். உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததன்று, அழுத்தும் விசையை மட்டுமே சார்ந்தது என்று பாடநூல் கூறுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி அமாண்டன்ஸ் 1699-ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். அங்ஙனமாயின் உள்ளங்கை விரற்கடையாகக் குறைந்தால்தான் என்ன?

மரம், உலோகம் முதலிய கடினப் பொருள்களுக்கு அவ்விதி பொருந்தும். கண்ணுக்கு மழமழப்பாகத் தோன்றும் பரப்பும் உண்மையில் மேடுபள்ளம் நிறைந்தது. இரு பரப்புகள் சில சிகர முனைகளில் மட்டுமே உண்மையாகத் தொடுகின்றன. அழுத்தம் இரட்டித்தால் உண்மைத் தொடுபரப்பும் இரட்டிக்கிறது. அதனால் வெளித்தோற்றப் பரப்பு கணக்கில் வாராமற்போகிறது. ரப்பரின் இயல்பு வேறு. அது மென்மையாதலால் சாலையின் பொடிக்கல் மேடுகளைப் போர்த்திப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே நன்கு பற்றிய ரப்பரை மேலும் அழுத்தினால் உண்மைத் தொடுபரப்பு அதே விகிதத்தில் பெருகுவதில்லை. ஆகவே சுமையை ஒரு சிறு பரப்பில் குவித்தால் உராய்வுக் கெழு குறைகிறது. அதே சுமையை அகன்ற பரப்பில் சீராகப் பரப்பினால் பிடிப்பு கூடுகிறது.

பழைய சைக்கிள் டியூபின் துண்டுகளைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். ஒரே எடையுள்ள இரு மரக்கட்டைகளுள் ஒன்றின் அடி முழுதும் ரப்பரை ஒட்டுக. மற்றதன் அடியில் இரு மெல்லிய கீற்றுகளை மட்டும் ஒட்டுக. கழுவி உலர்த்திய பளிங்குத் தரையிலோ கண்ணாடியிலோ வைத்து வில் தராசால் இழுத்துப் பார்த்தால் இரண்டிற்கும் வேண்டிய விசை ஒன்றாயிராது. மரத்தோடு மரம் உராயும் சோதனையையும் உடன் செய்து காட்டுதல் நலம். விதியும் அதன் எல்லையும் ஒரே பாடவேளையில் தெளிவாகும்.

பிடிப்புக் குறைவின் விளைவு எத்தகையது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 16.7 மீட்டர் கடக்கிறது. உராய்வுக் கெழு 0.7 எனில், தடை அழுத்தியபின் அது 20 மீட்டரில் நிற்கும். கெழு 0.5 எனில் 28 மீட்டர் வேண்டும். எட்டு மீட்டர்தானே என்று எண்ணற்க. முதல் வண்டி அசைவற்று நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாம் வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 32 கிலோமீட்டர் இருக்கும். பள்ளிக்கூட வாயிலில் சாலையைக் கடக்கும் குழந்தைக்கு, நின்றுவிட்ட வண்டிக்கும் 32 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு யாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாய்வினால் கெழு துல்லியமாக இவ்வளவே குறையும் என்பது இக்கணக்கின் கருத்தன்று. டயர், தரை, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். கெழுவில் சிறு குறைவும் நிற்கும் தூரத்தில் பெருங்கேடாக முடியும் என்பதற்கே இது எடுத்துக்காட்டு.

சாலையோர நீரும் சாய்ந்த சக்கரமும்

பழைய சைக்கிள் டயரைக் கோலால் தட்டி உருட்டிச் செல்லும் சிறுவனுக்கு ஓர் உண்மை தெரியும்: டயர் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே திரும்பும். சாய்ந்து உருளும் சக்கரம் ஒரு கூம்பின் அடிப்பகுதியைப்போல் நடந்துகொள்கிறது. கூம்பைத் தரையில் உருட்டினால் அது நேரே ஓடாது. தன் முனையைச் சுற்றி வட்டமிடும். மாருதி 800 டயரின் ஆரம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அதனைப் பத்துப் பாகை சாய்த்துத் தனியே உருளவிட்டால், கூம்புக் கணக்குப்படி, ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலேயே அது சுற்ற விழையும். காரில் பூட்டிய சக்கரம் அங்ஙனம் சுற்ற இயலாது. வலிந்து நேரே இழுத்துச் செல்லப்படுகிறது. ஆகவே அதன் உள்தோள் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் பக்கவாட்டில் தேய்கிறது. சாய்ந்த பக்கம் நோக்கி ஒரு பக்கவிசையும் பிறக்கிறது. ரேடியல் டயரில், ஒரு பாகை சாய்வால் பிறக்கும் இவ்விசை மிகவும் சிறியது. சாய்வு பெருகப் பெருக அது புறக்கணிக்க இயலாததாகிறது.

இடச் சக்கரம் வலப்புறம் தள்ளுகிறது. வலச் சக்கரம் இடப்புறம் தள்ளுகிறது. இரண்டும் சமமாயிருக்கும்வரை வண்டி நேரே செல்லும். எதிரெதிரே தோள்கொடுத்து நிற்கும் இருவரைப்போல, ஒருவர் விலகினால் மற்றவர் அவர் பக்கமே விழுவார்.

இப்போது ஆரியங்கோட்டைச் சுற்றியுள்ள சாலைகளை நினைவிற் கொள்க. நெய்யாற்றின் கரையை ஒட்டிய இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ரப்பர்த் தோட்டங்களுக்கும் செம்மண் மேடுகளுக்கும் இடையே சாலைகள் குறுகியும் அடிக்கடி வளைந்தும் செல்கின்றன. குறுக்குச் சரிவின் காரணமாக மழைநீர் ஓரத்திலேயே தேங்குகிறது. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், எதிரே பேருந்து வரும்போது ஒதுங்கும் காரின் இடச் சக்கரமே அந்நீரில் இறங்கும். நீர்ப்படலத்தின்மேல் ஏறிய இடச் சக்கரம் பிடிப்பை இழந்த கணமே, அதன் வலப்புறத் தள்ளு மறைகிறது. வலச் சக்கரத்தின் இடப்புறத் தள்ளு மட்டும் எஞ்சுகிறது. நீரின் தடையும் அதே இடப்புறம் இழுக்கிறது. வண்டி ஓடையை நோக்கித் திரும்புகிறது. ஓட்டுபவர் அஞ்சித் தடையை அழுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். செங்குத்தான சக்கரமுடைய வண்டியும் நீரில் ஒருபுறம் இழுக்கப்படுவதுண்டு. ஆனால் அதன் மறுசக்கரம் அவ்விழுப்பிற்குத் துணைபோவதில்லை.

குறுகிய தொடுபரப்பு கத்தியைப்போல் நீரைக் கிழித்துச் செல்லுமன்றோ என்று ஒருவர் வாதிடலாம். புதிய டயரில் இதற்கு ஓரளவு இடமுண்டு. ஆனால் நீரை வெளியேற்றுவதற்கென வெட்டப்பட்ட நீளச் சால்களுள் பெரும்பாலானவை டயர் முகத்தின் நடுவில் உள்ளன. சாய்ந்த சக்கரத்தில் அவை தரையைவிட்டு எழுந்து வேலையற்றுப் போகின்றன. வேலை செய்யும் உள்தோளோ எல்லாவற்றிற்கும் முன்னே தேய்ந்து வழுவழுப்பாகிறது. கார் டயரில் சால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் மோட்டார் வாகன விதி. வெளிப்புறத்திலிருந்து பார்ப்பவர்க்குப் புத்தம் புதிதாகத் தோன்றும் டயர், உட்புறத்தில் கம்பி நூல் தெரியுமளவிற்குத் தேய்ந்திருத்தல் கூடும். கண்காணிப்போர் ஏமாறுமிடம் இதுவே.

இங்கே பட்டறைக்காரர்களின் அனுபவ அறிவைப் பாராட்டவே வேண்டும். சாய்வு மட்டுமே டயரை அவ்வளவு விரைவில் தின்பதில்லை என்பர் அவர்கள். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தும்போதும், ஷாக் அப்சார்பர் தண்டின் தலையை உள்ளே இழுக்கும்போதும் சக்கரத்தின் 'டோ', அதாவது மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கும் கோணம், உடன் மாறிவிடுகிறது. அதனைத் திருத்தாமல் ஓட்டினால் டயர் தேங்காய்த் துருவலைப்போல் உதிரும். மாருதி 800-இன் பின்புறம் இரு சக்கரங்களையும் இணைக்கும் திட அச்சு உள்ளது. அதற்கு இயல்பில் சாய்வு ஏற்பாடே கிடையாது. அங்கே சாய்வு உண்டாக்க அச்சு முனையில் ஆப்புத் தகடு வைப்பது அல்லது அச்சையே வெட்டி வளைத்துப் பற்றவைப்பது ஒன்றே வழி. சுமை தாங்கும் அச்சில் கைவேலையாகப் போட்ட பற்றவைப்பு எந்நாள் விடுமென்று எவரும் சொல்ல முடியாது.

வேறு துன்பங்களும் உண்டு. பத்துப் பாகை சாய்வில், தரையைத் தொடும் புள்ளி சக்கர மையத்தினின்றும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நகர்கிறது. சுமை பேரிங்கை நெம்புகோல்போல் முறுக்குகிறது. அகன்ற ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் பொருத்தும் வழக்கமும் இக்கோலத்தோடு சேர்ந்தே வருகிறது. அப்படிப் பொருத்திய டயரின் ஓரம், காற்றுச் சற்றுக் குறைந்தாலும் குழியில் இடித்தாலும் ரிம்மைவிட்டு நழுவக்கூடும்.

சாய்வு மாற்றத்தால் பெயர்கெட்ட வண்டிக்கு உலக வரலாற்றில் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட கார்வேர் என்னும் காரின் பின் சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் பூட்டப்பட்டிருந்தன. கடும் வளைவில் பின்புறம் மேலெழும்போது சக்கரம் வெளிச்சாய்வு பெற்று அடியில் மடங்கும் இயல்புடையது. முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு எனக் காற்றழுத்தத்தை வேறுபடுத்தி வைத்தே அதனை அடக்க முயன்றனர். 1965-இல் ரால்ஃப் நேடர் தம் நூலின் முதல் அதிகாரத்தில் இக்காரைக் கடுமையாகச் சாடினார். அதே காலத்திய பிற கார்களைவிட இது ஆபத்தானதன்று என அமெரிக்க அரசு சார்பில் 1972-இல் வெளியான ஆய்வு கூறிற்று என்பதையும் நடுநிலை கருதிச் சொல்ல வேண்டும். எப்படியாயினும் 1965 மாதிரியிலேயே பின்புறத் தொங்கலமைப்பு புதிதாக்கப்பட்டிருந்தது.

பெருஞ்சாய்வை முறையாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 2001-இல் டோக்கியோ கண்காட்சியில் மெர்சிடஸ் நிறுவனம் காட்டிய எஃப் 400 கார்விங் என்னும் சோதனைக் காரின் சக்கரங்கள் இருபது பாகைவரை சாய்ந்தன. ஆனால் வளைவில் மட்டும், வெளிப்புறச் சக்கரங்கள் மட்டும், கணிப்பொறியின் ஆணைப்படி சாய்ந்தன. அச்சாய்விற்கென்றே உட்புறம் உருண்ட தனி வகை டயரும் அமைக்கப்பட்டது. நேர்ச் சாலையில் அவை நிமிர்ந்தே நின்றன.

அழகும் சட்டமும்

இளைஞர்கள் வண்டியை அழகுபடுத்த விழைவது இயல்பே. நம் முன்னோரும் காளையின் கொம்பைச் சீவி, வண்ணம் தீட்டி, குஞ்சமும் சலங்கையும் கட்டினர். குளம்பைச் சாய்த்துச் செதுக்கியவர் எவருமில்லை. லாடம் கட்டுவோர் குளம்பு தரையில் சமமாகப் பதிகிறதா என்பதையே முதலில் பார்ப்பர். கண்காட்சிக்கென வேறு வண்டியில் ஏற்றிச் சென்று நிறுத்தப்படும் காரின் சாய்வைப்பற்றி நமக்குக் கவலையில்லை. பொதுச்சாலையில் ஓடும் காரின் டயர்ப் பிடிப்பு அதன் உடைமையாளருக்கு மட்டும் உரியதன்று.

சட்டம் இக்கருத்தினதே. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2000-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்றும் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. இப்பிரிவின் பொருளை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதிப்படுத்தியது. அவ்வழக்கு கேரளத்திலிருந்து சென்றதே. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182-ஏ பிரிவை மாற்றியமைத்தது. அதன்படி, சட்டம் இசையாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் உடைமையாளருக்கு ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இது நடுவணரசின் சட்டம். களியக்காவிளைக்கு இப்புறம் செய்த மாற்றம் அப்புறம் செல்லும் என்று எல்லையோரத்தில் எவரேனும் கூறினால் அது பிழை.

அளந்து காணும் முறை

சாய்வை அளக்க விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. தூக்குக்குண்டும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதும். மாணவர்க்கு இது நல்ல களப்பயிற்சியுமாகும்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்க்கவும். தரை சமமா என்பதை, நீர் நிரப்பிய ஒளிபுகு குழாயால் கொத்தனார் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளலாம். பின்னர்த் தூக்குநூலைச் சக்கரத்தின் வெளிப்புறத்தில், மையத்திற்கு நேரே, டயரைத் தொடாதவாறு தொங்கவிடவும். ரிம்மின் மேல் விளிம்பிற்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும், கீழ் விளிம்பிற்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்கவும். மேல் இடைவெளி மிகுந்திருப்பின் உட்சாய்வு. கீழ் இடைவெளி மிகுந்திருப்பின் வெளிச்சாய்வு. அளக்கும் இரு புள்ளிகளும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், இவ்விரு அளவுகளின் வேறுபாட்டில் ஒவ்வொரு 5.2 மில்லிமீட்டரும் ஒரு பாகையாகும். வேறுபாடு 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் சாய்வு பத்துப் பாகையை நெருங்கிவிட்டது எனலாம்.

ரிம் வளைந்திருக்கக்கூடுமாதலின், வண்டியை முன்னே தள்ளிச் சக்கரம் அரைச் சுற்றுத் திரும்பியபின் மறுபடி அளந்து சராசரி காண்க. தரை சிறிது சரிந்திருந்தால் ஒருபக்கச் சக்கரத்தில் சாய்வு கூடியும் மறுபக்கத்தில் அதே அளவு குறைந்தும் தோன்றும். இரு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் அப்பிழையும் வெளிப்படும்.

அலுவலக வண்டியைப் பொறுப்பில் வைத்திருக்கும் களப்பணியாளர்கள், மாதம் ஒருமுறை எஞ்சினை அணைத்துக் கைத்தடையையும் இட்டபின், டயர் முகத்தின்மேல் உள்ளங்கையை வைத்து உட்புறத்திலிருந்து வெளிப்புறமும், பின்னர் வெளிப்புறத்திலிருந்து உட்புறமும் மெல்லத் தடவிப் பார்க்கலாம். ஒரு திசையில் வழுக்கியும் மறுதிசையில் அரம்போல் கீறியும் உணர்ந்தால் டோ பிழைபட்டிருக்கிறது. எத்திசையிலும் கீறலின்றி உள்தோள் மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் சாய்வே காரணம். குழியில் பலமாக இடித்த வண்டியிலும், தாங்கு தண்டு வளைந்த வண்டியிலும், யாரும் மாற்றம் செய்யாமலே இத்தேய்மானம் தோன்றுவதுண்டு.